அடுத்த நாற்காலிக்காரி

கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று யார் போன் செய்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "அதுக்கு முன்னால யாருங்க உக்காந்திருந்தாங்க?" என்பதுதான். என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டாள். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்றும் கேட்க மாட்டாள். அந்தப் பக்கம் பேசுகிறவர் கோழிப்பண்ணை மேனேஜராக இருந்தாலும் சரி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்தாலும் சரி, முதலில் இந்த விசாரணைதான். குரல் மட்டும் உயராது. "ங்க" போடாமல் ஒரு வார்த்தை வெளியே வராது.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்பார்கள்.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பி, "பண்ணியிருக்கறாங்க" என்பாள்.

நாமக்கல்லில் மோகனூர் ரோட்டில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பில் போடும் சாஃப்ட்வேர் விற்று, வாங்கியவர்களின் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்கிற சிறிய நிறுவனம். முன்னறையில் ஓனர். உள்ளறையில் இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, ஓயாமல் அடிக்கும் மூன்று போன். நான் திருச்செங்கோட்டில் பி.சி.ஏ. முடித்துவிட்டு வந்தவள். அவள் பரமத்திப் பக்கம் கரும்பும் வாழையும் வைத்திருந்த குடும்பத்துப் பெண். இருவரும் ஒரே திங்கட்கிழமை சேர்ந்தோம். பார்க்க என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள்போல் இருந்ததால், முதல் நாள் "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

"எம் பொறந்த தேதிய எங்கீங்க பாத்தீங்க?" என்றாள்.

பார்க்கவில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு கடைசிவரை எங்களுக்குள் "ஏனுங்க", "வாங்க", "போங்க"தான். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டவர்கள் இப்படிப் பேசிக்கொள்வதைப் பார்த்து, மருந்துக் கடைக்காரர் எங்களுக்குள் சண்டை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய லேப்டாப்பில் முகம் பார்க்கும் கேமரா இருக்குமிடத்தில் ஒரு மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். பசை போனதும் அதை எடுத்துவிட்டு வேறொன்று ஒட்டுவாள். தண்ணீர் குடிக்க எழுந்து போனால்கூடத் திரையைப் பூட்டிவிட்டுத்தான் போவாள். அறையில் இருப்பது நான் ஒருத்தி. பூட்டுவது யாருக்காக என்று ஆரம்பத்தில் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏனுங்க, நான் எடுத்துப் பாத்துருவேன்னு நெனைக்கறீங்களா?"

"பாப்பீங்கன்னு நெனைக்கலீங்க. பாக்க மாட்டீங்கன்னும் எனக்குத் தெரியாதுங்களே" என்றாள். இதைச் சொல்லிவிட்டு, அவள் டப்பாவிலிருந்த முள்ளங்கிப் பொரியலில் பாதியை என் தட்டில் தள்ளினாள்.

அவளுடைய சந்தேகத்தால் பிழைத்தவர்களும் உண்டு. பைபாஸ் பக்கம் ஒரு லாரி ஆபீஸ். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்களுடைய கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். அதற்குள் இருக்கும் மின்சாரப் பெட்டியை இரண்டு முறை மாற்றியாயிற்று. வைரஸ் என்று ஒருவர் சொன்னார். வாஸ்து என்று இன்னொருவர் சொன்னார். அவள் போன் பேச்சை நம்பாமல் நேரே கிளம்பிப் போனாள். நானும் கூடப் போனேன். எங்களைப் பார்த்ததும் அங்கிருந்த மேனேஜர் எங்களுக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

"பசங்க யாரும் வரலீங்களா?"

"வருவாங்க. ஆனா அவுங்களுக்கும் எங்களுக்குத் தெரிஞ்ச அளவுதாங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரைத் தொடாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தாள். யார் வருகிறார்கள், யார் எங்கே கை வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மேனேஜருக்கு வேர்த்தது. ஆறு மணிக்கு அவர் எழுந்துபோய்ச் சாமி படத்துக்கு மேல் இருந்த சீரியல் லைட்டைப் போட்டார். கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது.

"ஆறு மணிக்கு என்ன பண்ணுவீங்கன்னு போன்ல கேட்டனுங்களே?"

"ஒண்ணும் பண்ணலீங்க அம்மிணி. சாமிக்கு லைட்டுத்தான போட்டேன்!"

இரண்டுக்கும் ஒரே பழைய பிளக் பாக்ஸ். உள்ளே செம்பு கறுத்துப் போயிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "யாரும் வேணும்னு பொய் சொல்றதில்லீங்க. அவுங்க பண்றதெல்லாம் அவுங்க கணக்குல பண்ணுனதாவே சேராது."

அவளுக்கு ஒரு கல்யாணம் கூடி வந்து நின்றுபோன கதையையும் அந்தப் பஸ்ஸில்தான் சொன்னாள். மாப்பிள்ளைக்கு பெங்களூரில் ஒரு கம்பெனியில் பெரிய பதவி என்று தரகர் சொல்லியிருக்கிறார். நிச்சயத்துக்குப் பத்து நாள் முன்னால் இவள் அந்தக் கம்பெனியின் பொது எண்ணுக்குப் போன் போட்டு, இன்னாரைக் கூப்பிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் நின்று நான்கு மாதம் ஆகிறது என்றார்களாம். வேலை போனது பெரிதில்லை, அதை மறைத்ததுதான் தனக்குப் பிடிக்கவில்லை என்றாள். சொந்தக்காரர்கள் திட்டியது மாப்பிள்ளையை அல்ல, இவளை. "இந்தப் புள்ளயக் கட்டிக்கறவன் தெனமும் ஆதார் கார்டக் காட்டீட்டுத்தான் ஊட்டுக்குள்ள வரோணும்" என்று அவள் சின்னத்தை சொன்னதைச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போதும் அவள் கண் என் முகத்தின் மேலேயே இருந்தது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன் என்று அளப்பதுபோல எனக்குத் தோன்றியது.

எனக்கு இந்த வேலை ஒரு படிக்கட்டு. இங்கே இரண்டு வருட அனுபவம் காட்டினால் சேலத்திலோ கோயம்புத்தூரிலோ பெரிய இடத்தில் நுழைந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வீட்டில் அப்பா, "போன எடுத்து அலோ சொல்றதெல்லாம் ஒரு வேலையா" என்பார். அதனால் எனக்கு ஓனரிடம் நல்ல பெயர் வேண்டும். அவளுக்கு அந்தக் கவலையெல்லாம் இருந்ததாகத் தெரியவில்லை. மதியம் சாப்பிட்டதும் நெட்வொர்க் பரீட்சைக்கான புத்தகத்தை விரித்துக்கொள்வாள். அச்சடித்த புத்தகத்திலேயே சில பக்கங்களில் பென்சிலால் "சரியா?" என்று எழுதி வைத்திருப்பாள். செய்து பார்த்த பிறகு அந்தக் கேள்வியை அழிப்பாள்.

பிறகு ஒரு மாதமாக அவள் மதியத்தில் புத்தகத்தைத் திறப்பதில்லை என்பதைக் கவனித்தேன். சாப்பாட்டுக்குப் பின் நான் கை கழுவிவிட்டு வரும்போது அவள் திரையில் ஏதோ திறந்திருக்கும். என் செருப்புச் சத்தம் கேட்டதும் சட்டென்று மூடிவிடுவாள். ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தேன். அவள் திரையில் இருந்தது எங்கள் கம்ப்யூட்டரே இல்லை. ஊருக்கு வெளியே இருந்த ஒரு கோழித் தீவன மில்லின் கம்ப்யூட்டர். வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே நுழைந்து, அவர்கள் திரையைப் பார்த்துச் சரிசெய்வதற்கு ஒரு சாஃப்ட்வேர் வைத்திருந்தோம். அதன் வழியாக நுழைந்திருந்தாள். ஆனால் அன்று மில்லிலிருந்து எந்தப் போனும் வரவில்லை. மேலும், மில் என் பொறுப்பில் இருந்த வாடிக்கையாளர். அவள் எதையும் சரிசெய்யவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மில்லுல எதாச்சும் பிரச்சினையா?"

"இல்லீங்களே" என்று மூடினாள்.

முள் மாதிரி அது என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. எல்லோரையும் சந்தேகப்படுகிற ஒருத்தி எதை மறைக்கிறாள்? திருடனுக்குத்தானே எல்லோரும் திருடனாகத் தெரிவார்கள்? அந்த ஸ்டிக்கர் பொட்டுக்கும், பூட்டிய திரைக்கும் எனக்கு வேறு அர்த்தம் தெரிய ஆரம்பித்தது.

இரண்டு வாரம் கழித்து மில் முதலாளி நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு தாள். கோழித் தீவனத்தில் மக்காச்சோளம் எவ்வளவு, சோயாப் புண்ணாக்கு எவ்வளவு, கருவாட்டுத் தூள் எவ்வளவு என்று ஒவ்வொரு வாரமும் அவர்கள் ஒரு கலவைக் கணக்கு மாற்றுவார்கள். அந்த மில்லின் உயிர் அதில்தான் இருக்கிறது. மில்லில் கம்ப்யூட்டர் பார்க்கும் சரசக்காவைத் தவிர அதை வேறு யாரும் டைப் செய்வதில்லை. ஒரு தாள் அவருடையது. இன்னொன்று போட்டி மில்லிலிருந்து எப்படியோ அவர் கைக்கு வந்தது. இரண்டும் ஒன்று. சரசக்கா "மக்காச்சோளம்" என்பதை "மக்காசோலம்" என்று அடிப்பார். போட்டி மில்லின் தாளிலும் "மக்காசோலம்".

"ஆளு பாத்து எழுதியிருந்தா எழுத்து மாறியிருக்கும். இது அப்பிடியே உருவுனதுங்க. எங்க கம்ப்யூட்டருக்குள்ள வெளிய இருந்து வாரது நீங்க மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார்.

ஓனர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"மில்லு உன் பொறுப்புதான கண்ணு? உனக்கு யாரு மேலயாச்சும் சந்தேகம் இருக்குதா?"

பழி என் மேல் விழுந்தால் நான் நினைத்த படிக்கட்டெல்லாம் இடிந்துவிடும். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மதியத்தில் அவள் மில் கம்ப்யூட்டருக்குள் போவதையும், என்னைக் கண்டதும் மூடுவதையும் சொன்னேன். "அவுங்களாத்தான் இருக்கோணும் சார்" என்றும் சேர்த்துச் சொன்னேன். நான் கண்டது ஒன்று. சேர்த்துச் சொன்னது வேறு ஒன்று. அன்று எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது.

அவளைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை. உள்ளறையில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"மத்தியானத்துல மில்லு கம்ப்யூட்டருக்குள்ள போறியாம்மா?"

"போறனுங்க."

"எதுக்கு?"

"இப்பச் சொல்ல முடியாதுங்க சார். இன்னும் ஒரு வாரம் குடுங்க."

"ஒரு வாரத்துல மில்லுக்காரரு ஊரு பூராச் சொல்லீருவாரு. அப்பறம் எவன் நம்மள உள்ள உடுவான்? இப்பச் சொல்லு, இல்லாட்டி கெளம்பு."

அவள் கிளம்பினாள். உள்ளறைக்கு வந்து புத்தகத்தையும் டிபன் டப்பாவையும் பையில் வைத்தாள். அலுவலக லேப்டாப்பைத் துடைத்து, ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு யார் சொன்னது என்று தெரியும். அந்த அறையில் அவளைத் தவிர இருந்தது நான் ஒருத்திதானே.

"வாரனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

பன்னிரண்டு நாள் போயிருக்கும். சரசக்காவிடமிருந்து போன் வந்தது. அவளைக் கேட்டார். அவள் இப்போது வேலையில் இல்லை என்றேன். சரி என்று போனை வைக்கப் போனார்.

"என்னங்கக்கா, எங்கிட்டச் சொல்லுங்க."

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லியிருக்குதுங்களே."

"என்ன சொல்லக் கூடாதுன்னாங்க?"

குரலைத் தாழ்த்தினார். பிறகு, "அம்பு மறுக்காவும் தானா நகருதுங்க" என்றார்.

நான் அடுத்த நாள் காலையிலேயே மில்லுக்குப் போனேன். சரசக்கா ஐம்பது வயதுக்காரர். கணவர் இறந்தபின் மில்லில் சேர்ந்து, கம்ப்யூட்டரைத் தானாகவே கற்றுக்கொண்டவர். இரண்டு மாதமாக மதிய நேரத்தில் திரையில் அம்புக்குறி தானாக நகர்வதைப் பார்த்திருக்கிறார். முதலாளியிடம் சொன்னதற்கு, கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னாராம். அவள் ஒருத்திதான் கேட்டு, "எத்தன மணிக்குங்கக்கா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

நாங்கள் இருவரும் மதியம் திரைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தோம். வெளியே லாரியிலிருந்து சோள மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றே முக்காலுக்கு அம்புக்குறி நகர்ந்தது. யாரும் மவுஸைத் தொடவில்லை. அது பதற்றமில்லாமல், வழி தெரிந்த வீட்டுக்குள் நடப்பது மாதிரிப் போய், கலவைக் கணக்கு இருந்த ஃபைலைத் திறந்தது. மூலையில், வெளியிலிருந்து நுழைந்த கம்ப்யூட்டரின் எண் தெரிந்தது. எங்கள் அலுவலகத்து எண் இல்லை.

அது போனதும் சரசக்கா அவள் வைத்துவிட்டுப் போன ஒரு ஃபைலைத் திறந்து காட்டினார். மில் கம்ப்யூட்டருக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே அவள் தமிழில் குறிப்பு எழுதியிருந்தாள். நான் நுழைந்த நாட்களுக்கு எதிரே, "இது அவுங்க. பிரிண்டர் சரி பண்ணுனாங்க. பக்கத்துல இருந்து பாத்தேன்." ஒரு செவ்வாய்க்கிழமைக்கு எதிரே, "இந்த நேரம் அவுங்க ராசிபுரம் ஆஸ்பத்திரில பில் சாஃப்ட்வேர் போட்டுட்டு இருந்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். இது அவுங்க இல்ல." கடைசியில் பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் என்று நான்கு பேர். அவள் பெயர், என் பெயர், ஓனர் பெயர், எங்களுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்துவிட்டுப் போனவர் பெயர். என் பெயருக்கு எதிரே "இல்லை" என்று எழுதியிருந்தாள். ஓனருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி. அதனால்தான் அவரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அவள் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். தேதி வாரியாகச் சந்தேகப்பட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கடைசியில் என்னை விடுவித்திருக்கிறாள். நான் அவளை ஒரே ஒரு மதியம் செருப்பில்லாமல் வந்து பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்த விசாரணை.

இன்னொன்றும் அங்கே உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தது. எல்லா வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டருக்கும் நாங்கள் வைத்திருந்தது ஒரே பாஸ்வேர்ட். முன்னால் இருந்தவர் வேலையில் இருந்த காலத்திலேயே வைத்த பழைய பாஸ்வேர்ட் அது. நான் சேர்ந்த புதிதில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி ஓனர் என்னிடம் சொல்லியிருந்தார். நூற்றுச் சொச்சம் பேருக்குப் போன் போட வேண்டிய வேலை. ஏழெட்டுப் பேருக்கு மாற்றினேன். சலித்துப் போயிற்று. "மாத்தியாச்சுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். திருடன் நுழைந்த கதவைத் திறந்து வைத்தவள் நான்.

எண்ணைக் காட்டியதும் ஓனர் கண்டுபிடித்துவிட்டார். முன்னால் இருந்தவரின் லேப்டாப் எண். இப்போது போட்டி மில்லில் வேலை பார்க்கிறாராம். பெரியவர்கள் இரண்டு தடவை உட்கார்ந்து பேசினார்கள். அந்த ஆளை அங்கிருந்து அனுப்பினார்கள். விஷயம் முடிந்தது. ஆனால் மில் முதலாளி எங்கள் ஓனரிடம், "அந்தப் புள்ளய மறுக்காக் கூட்டியாந்தாத்தான் உங்க ஆளுக எம் மில்லுக்குள்ள கால் வைக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

ஓனர் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி என் கையில் கொடுத்தார்.

"நான் அனுப்புனன்னு சொல்லாத கண்ணு. நீயா மன்னிப்புக் கேக்கப் போற மாதிரிப் போ."

ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டியில் போனேன். வாய்க்கால் ஓரமாகப் போய், வாழைத்தோப்புக்குள் திரும்பினால் அவர்கள் வீடு. அவள் அப்பா வாசலில் மோட்டார் பெல்ட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யார், எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று முழுவதும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான், "வா சாமி, உள்ள வா" என்றார். அந்த விசாரிக்கும் குணம் யாரிடமிருந்து அவளுக்கு வந்தது என்று புரிந்தது.

அவள் டீ போட்டுக்கொண்டு வந்தாள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். அம்பு நகர்ந்தது, எண் தெரிந்தது, அவள் எழுதி வைத்ததைப் படித்தது. யார், என்ன என்று நடுவில் அவள் இரண்டு கேள்வி கேட்டாள். மணி எத்தனை என்று கேட்டாள். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

"என்னய மன்னிச்சுருங்க. நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அது நடிப்பில்லை.

"எம்மேல சந்தேகம் வந்தது தப்பில்லீங்க" என்றாள். "எனக்கும் உங்க மேல வந்துதுங்களே. எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்."

பிறகு மேசை மேலிருந்த மைசூர்பாகுப் பெட்டியைப் பார்த்தாள். அது எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் கடையின் பெட்டி. ஓனர் எல்லா விசேஷத்துக்கும் அங்கேதான் வாங்குவார்.

"அவரு அனுப்புனாருங்களா?"

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை. பெட்டியைப் பிரித்து எனக்கு ஒன்றும் அவள் அப்பாவுக்கு ஒன்றும் எடுத்துக் கொடுத்தாள். அவள் எடுத்துக்கொள்ளவில்லை. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் கூப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் சேருகிறேன் என்றாள். திரும்பி வரச் சொல்லி நான் இன்னும் கேட்கவே இல்லை. அதற்குள் பதிலைச் சொல்லிவிட்டாள்.

கிளம்பும்போது ஸ்கூட்டி வரைக்கும் வந்தாள்.

"பாஸ்வேர்ட் எல்லாத்தையும் மாத்தீட்டீங்களா?"

"மாத்தியாச்சுங்க."

முன்பு மாற்றிய அந்த ஏழெட்டுப் பேரைத் தவிர, மில் ஒன்றில்தான் மாற்றியிருந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அது ஒன்றே உறுத்திக்கொண்டு வந்தது. நானாக வந்தேன் என்று சொன்னதை இனி எந்தக் காலத்திலும் உண்மையாக்க முடியாது. இந்தப் பொய்யையாவது உண்மையாக்கலாம்.

திங்கட்கிழமை காலையில் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு முதல் போனைப் போட்டேன். "எதுக்குங்க மாத்தோணும், நல்லாத்தான ஓடுது?" என்று சண்டை பிடித்தார்கள். கம்ப்யூட்டர் பார்க்கும் பிள்ளை கல்யாணத்துக்குப் போயிருக்கிறது, வியாழக்கிழமை வா என்றார்கள். வையப்பமலை அடிவாரத்தில் ஒரு பண்ணைக்காரர் போனை எடுக்கவே இல்லை. பஸ் பிடித்து நேரில் போய் மாற்றிவிட்டு வந்தேன். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பாஸ்வேர்ட். ஆறு நாள் ஆயிற்று. சனிக்கிழமை பட்டியலில் கடைசிப் பெயரையும் அடித்தேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை, யார் யார் எங்கே நுழைந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்திருந்தது. முந்தின நாள் மதியம் மில் கம்ப்யூட்டரில் ஒருவர் நுழையப் பார்த்திருக்கிறார். பழைய பாஸ்வேர்டைப் போட்டிருக்க வேண்டும். கதவு திறக்கவில்லை. ஒரே முறைதான் முயன்றிருந்தார். மூன்று நிமிடம் கழித்து அதே எண்ணிலிருந்து பைபாஸ் லாரி ஆபீஸில் ஒரு முறை. பிறகு ராசிபுரம் ஆஸ்பத்திரியில் ஒரு முறை. பிறகு வையப்பமலைப் பண்ணையில். பதினோரு இடம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தடவை. எங்கும் திறக்கவில்லை. அதோடு நின்றுவிட்டது.

அந்த எண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பழைய ஆளுடைய எண் இல்லை. அவனாக இருந்தால் ஒரே கதவை ஒன்பது முறை தட்டியிருப்பான். இது யாரோ வரிசையாகப் போய், பூட்டு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போனது. ஸ்கூட்டி பக்கத்தில் நின்று அவள் கேட்டது ஞாபகம் வந்தது.

எழுந்து ஓனர் அறை வாசல்வரை போனேன். ஏதோ பில்லில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"என்ன கண்ணு?"

எனக்குத் தோன்றுவது ஒன்று இருந்தது. கையில் பிடித்துக் காட்ட ஒன்றும் இல்லை.

"டீ சொல்லட்டுங்களா சார்?" என்றேன்.